சாய்ந்த மூன்று

பழைய காருக்கு விலை மதிப்பவர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்கே நோரீன் குபியாக் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு தெருவோரத்தில் போய் நின்றுவிட்டாள். அன்று குப்பை வண்டி வரும் கிழமையே இல்லை. எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால், எழுபத்துமூன்று வயதில் இவளுக்கும் கிழமை மறந்துபோய்விட்டது என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுப் போகட்டும். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு நிமிடம். வருகிறவர் இறங்கியதும், டெல்மர் கண்ணில் படுவதற்கு முன்னால், மூன்றே மூன்று வாக்கியம் சொல்லிவிட வேண்டும். காரில் இருப்பது அதன் சொந்த என்ஜின் இல்லை. என் வீட்டுக்காரருக்கு அது தெரியாது. அவர் காதுபட மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒன்பது நாளாகப் பாத்திரம் கழுவும்போதும் படுக்கையில் புரளும்போதும் இந்த மூன்றையும் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். தொலைபேசியிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு டெல்மர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து, “ஒரே கை வண்டின்னு சொல்லு நோரி, ஒரே கைன்னு சொல்லு” என்று பின்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

ஒரே கை வண்டிதான். அதில் பொய் இல்லை. எழுபதாம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபீல் 442, கரும்பச்சை. வியட்நாமிலிருந்து திரும்பிவந்த கையோடு, சேர்த்து வைத்திருந்த சம்பளம் மொத்தத்தையும் கொட்டி டெல்மர் புதிதாக எடுத்தது. அவர்கள் கல்யாணத்தை விட ஒரு வயது மூத்தது. கதவுப் பக்கம் பெயின்ட் மங்கி, கூரையில் மெல்லிய வெடிப்பு விழுந்து, ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. ஆனால் ஐம்பத்துநாலு வருஷத்தில் ஒரு தடவைகூட மறுபெயின்ட் இல்லை, ஒரு போல்ட் மாற்றினாலும் பழைய போல்டை டப்பாவில் போட்டு வைத்திருந்தார். டெல்மரும் வேலை பார்த்த ஓல்ட்ஸ்மொபீல் தொழிற்சாலை இருந்த லான்சிங் ஊரில் ஓய்வு பெற்றவர்கள் வீட்டுக் கேரேஜ்களில் பளபளவென்று புதுப்பித்த பழைய கார்கள் எத்தனையோ உண்டு. அவற்றைப் பார்த்தால் டெல்மர் உதட்டைப் பிதுக்குவார். “இது கார் இல்ல, கல்யாணப் பொண்ணு” என்பார்.

இப்போது அதை விற்றாக வேண்டியிருந்தது. டெல்மருக்கு நடுக்குவாதம் வந்து நாலு வருஷமாகிறது. மாடிப்படி ஏறுவது போன குளிர்காலத்தோடு நின்றுபோயிற்று. கூடத்துச் சோபாவில்தான் படுக்கிறார், நோரீன் கீழே மெத்தை போட்டுக்கொள்கிறாள். ஊருக்கு மேற்கே முதியவர்களுக்கான குடியிருப்பு ஒன்றில் ஒரு தரைத்தள வீடு காலியாகிறது. இரண்டு பேரும் சேர்ந்து இருக்கலாம். முன்பணம் முப்பத்தாறாயிரம் டாலர். மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். அப்புறம் டெல்மர் அரசாங்க இல்லத்தில் இன்னொரு கிழவரோடு ஒரே அறையில். நோரீன் டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் மகன் ட்ராய் வீட்டுத் தரையடி அறையில். ஐம்பத்துமூன்று வருஷத் தாம்பத்தியத்தில் இரண்டு பேரும் பிரிந்திருந்தது ஒரே ஒரு குளிர்காலம். அந்த ஒரு குளிர்காலத்தில் நடந்ததைத்தான் அவள் இன்னும் அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளை வேன் ஒன்று தெரு முனையில் திரும்பியது. நோரீன் கையைத் தூக்குவதற்குள் பின்னால் வாக்கரின் சக்கரம் கீச்சிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு, முகம் மழித்து, கன்னத்தில் இரண்டு இடத்தில் கீறலோடு டெல்மர் கேரேஜ் வாசலில் நின்றிருந்தார். தானே மழித்திருக்கிறார். அந்தக் கையோடு.

“குப்பைத் தொட்டிக்குக் காவலா நிக்கிறே?” என்றார். “வா, வந்தவரைக் கூட்டிட்டு வா.”

அவர் பார்த்துக்கொண்டே நிற்க, மூன்று வாக்கியத்தையும் சொல்லாமலே அவள் வந்தவரைக் கூட்டி வந்தாள்.

லைல் வீன்ஸ்ட்ரா ஐம்பது வயதுக்காரர். உயரம், கூச்சம், முழங்கால் தேய்ந்த வேலை உடுப்பு. கிராண்ட் ராப்பிட்ஸ் பக்கத்திலிருந்து வந்திருந்தார். அவர் ஒரு விலையை எழுதிக் கொடுத்தால் வாங்குபவனும் விற்பவனும் அதற்கு மேல் வாய் பேசமாட்டார்கள் என்று பெயர். வந்தவர் முதலில் வண்டியைத் தொடவே இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு தடவை சுற்றி வந்தார்.

“கழுவிடலையே?” என்று கேட்டார்.

“தூசு தட்டினதோட சரி தம்பி.”

“புண்ணியமாப் போச்சு சார். போன வாரம் ஒரு வீட்டுக்குப் போனேன். நான் வர்றேன்னு சொல்லி மருமகன் என்ஜின் அறை முழுக்கக் கம்பித் தூரிகை போட்டுத் தேச்சுப் புதுப் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கான். பத்தாயிரம் டாலரை ஒரே மத்தியானத்துல கழுவி ஊத்திட்டான். பாவம், ஆசையாப் பண்ணது.”

டெல்மர் சிரித்தார். நோரீனும் சிரித்தாள், ஒரு நொடி தாமதமாக. ஆசையாகப் பண்ணியது என்ற சொல் அவளை எங்கோ தைத்தது.

மடக்கு நாற்காலியை வாசலில் போட்டு டெல்மரை உட்கார வைத்துவிட்டு அவள் ஆப்பிள் சாறும் டோநட்டும் கொண்டுவந்தாள். லைல் கவனிக்கவில்லை. அவர் பானட்டைத் தூக்கி, கைவிளக்கை அடித்து, என்ஜினுக்குப் பின்னால் இருந்த தகட்டில் யாரோ மஞ்சள் சாக்குக்கட்டியால் போட்டிருந்த ஒரு சுழியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தொழிற்சாலையில் சரிபார்த்தவன் போட்ட குறி. ஐம்பத்துநாலு வருஷமாக அழியாமல் இருக்கிறது. “அடேயப்பா” என்று முணுமுணுத்தார். டிக்கியின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். தரையில் படுத்து அடியில் நுழைந்து பத்து நிமிடம் வெளியே வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் முகம் இன்னும் மலர்ந்தது. அவர் மனசுக்குள் விலை ஏறிக்கொண்டே போகிறது. எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அவ்வளவு உயரத்திலிருந்து விழப்போகிறது.

பின்சீட்டை லாகவமாக நெம்பி எடுத்தார். வண்டியைச் செய்யும்போது எழுதிய தொழிற்சாலைத் தாள் அடியில் சில சமயம் சிக்கியிருக்கும் என்றார். தாள் இருந்தது, எலி கடித்த ஓரத்தோடு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு சிவப்புக் கம்பளிக் கையுறை.

நோரீன் அதை வாங்க ஓர் அடி முன்னால் வந்தாள்.

“அது இருந்த இடத்துலயே இருக்கட்டும் தம்பி” என்றார் டெல்மர். குரலில் எந்த மாற்றமும் இல்லை. “இந்த வண்டியிலேருந்து நான் எதையும் எடுத்ததில்ல.”

லைல் அதை மறுபடியும் இருந்த இடத்திலேயே வைத்தார்.

ட்ராய்க்கு நாலு வயது அப்போது. எண்பத்திரண்டாம் வருஷம் ஜனவரி. ஊரில் வேலை இல்லாமல் போய், ஆண்கள் எல்லாம் கிடைத்த வண்டியில் தெற்கே டெக்சஸுக்கு ஓடிக்கொண்டிருந்த காலம். டெல்மரும் பழைய லாரியை எடுத்துக்கொண்டு ஹூஸ்டனுக்குப் போயிருந்தார். அதிலேயே படுத்துத் தூங்கி, வாராவாரம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். போவதற்கு முன் அக்டோபரிலேயே இந்தக் காரைக் குளிர்காலத்துக்காகக் கட்டி வைத்துவிட்டார். பேட்டரியைக் கழற்றித் தரையடி அறையில் வைத்தார். ரேடியேட்டரிலிருந்த, குளிரில் உறையாத பழைய கூலன்டை இறக்கிவிட்டு, வசந்தத்தில் வந்து புதிது ஊற்றிக்கொள்ளலாம் என்று ஸ்டியரிங்கில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார். ‘உள்ளே ஒன்றும் இல்லை. எடுக்காதே.’

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பூஜ்யத்துக்கும் கீழே எங்கோ போயிருந்தது குளிர். குழந்தைக்கு மூச்சு விசிலடித்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பக்கத்து வீடுகளில் ஒரு வண்டியும் கிளம்பவில்லை. நோரீன் பேட்டரியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்து மாட்டினாள். அட்டையைக் கழற்றி எறிந்தாள். அடுப்பில் சுட வைத்த தண்ணீரைக் கெட்டில் கெட்டிலாக ரேடியேட்டரில் ஊற்றினாள். வண்டி முதல் திருகலிலேயே கிளம்பியது. ஆஸ்பத்திரியில் குழந்தையை ஆக்சிஜன் கூடாரத்துக்குள் போட்டார்கள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம், குழந்தை கண் விழித்துத் தண்ணீர் கேட்டபோதுதான் அவளுக்கு அந்தத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. வெளியே நிறுத்தியிருந்த வண்டியை ஓடிப் போய்ப் பார்த்தாள். என்ஜினின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அதில் பனிக்கட்டி நாக்கைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் தம்பி லெஸ்டர்தான், இப்போது அவன் இல்லை, உடைந்த கார்கள் குவிந்து கிடக்கும் இடமெல்லாம் தேடி அதே மாதிரி என்ஜின் ஒன்றைப் பிடித்து வந்தான். மார்ச்சில் நாலு ஞாயிறு வேலை. பழைய என்ஜினைப் போலவே நீலப் பெயின்ட் அடித்து இறக்கிவிட்டான். அட்டையையும் திரும்ப ஸ்டியரிங்கில் மாட்டினாள். குழந்தையை ஆம்புலன்ஸில் கூட்டிப்போனதாகக் கடிதத்தில் எழுதினாள். ஏப்ரலில் டெல்மர் பத்து கிலோ இளைத்து வந்து இறங்கினார். வந்த அன்றே காரைக் கிளப்பி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, “நல்லாருக்கு” என்றார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டாள். அடுத்த வாரம் நாற்பத்திரண்டு வருஷமாயிற்று. கோடைகாலச் சனிக்கிழமைகளில் ஊர் ஆண்கள் கார்களை வரிசையாக நிறுத்திப் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். எவனாவது இந்த வண்டிக்குள் குனிந்தால் நோரீன் ஐஸ்கிரீம் வாங்கப் போய்விடுவாள். ஐஸ்கிரீம் பைத்தியம் என்று ஊரில் பெயர் வாங்கிவிட்டாள். உண்மையில் அவளுக்கு அது பல் கூசும்.

“எல்லாம் சரி. இனி என்ஜின் நம்பர் ஒண்ணுதான் பாக்கி” என்றார் லைல்.

“ஒரு டோநட் எடுத்துக்குங்க” என்றாள் நோரீன்.

“கை அழுக்கும்மா.”

என்ஜினின் இடது பக்கம், முன்னால், கண்ணுக்கு எட்டாத இடுக்கில் ஒரு விரல் அகலத்தில் தட்டையான இடம் இருக்கிறது. வண்டியின் எண்ணின் கடைசி இலக்கங்களைத் தொழிற்சாலையில் அங்கே அடித்திருப்பார்கள். அந்த எண்ணும் காரின் முன் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் வண்டி எண்ணும் ஒன்றாக இருந்தால் அது பிறந்த என்ஜின். லைல் துணியில் எதையோ தெளித்து அந்த இடத்தைத் துடைத்தார். பல் மருத்துவரிடம் இருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டார். நோரீன் கார் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஓரக்கண்ணால் டெல்மரைப் பார்த்தாள். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை அன்றைக்கு ரொம்பவே ஆடியது.

“ரெண்டு, ஒண்ணு, எட்டு, மூணு, நாலு, மூணு” என்று லைல் படித்தார். “சரியா இருக்கு.”

“பின்ன?” என்றார் டெல்மர்.

நோரீன் கதவிலிருந்து கையை எடுத்தாள். எப்படிச் சரியாக இருக்கும்? விரிசலை அவள் கண்ணால் பார்த்தாள். அந்த என்ஜினை லெஸ்டர் பழைய இரும்புக்குப் போட்டதையும் பார்த்தாள். ஏதோ ஓர் அற்புதம் நடந்து தன்னைக் காப்பாற்றிவிட்டதாக ஒரு கணம் அவளுக்கு அழுகையே வந்தது. ஆனால் லைல் நிமிரவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். நகத்தால் தடவினார். மறுபடி துடைத்தார். நாலைந்து படம் எடுத்தார். நிமிர்ந்தபோது அந்த முகத்தில் இருந்த மலர்ச்சி எல்லாம் வடிந்து போயிருந்தது.

“வேன்லேருந்து ஒரு தாள் எடுத்துட்டு வரேன் சார். அம்மா, கொஞ்சம் வர்றீங்களா?”

வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்.

“மிஸஸ் குபியாக், அது தொழிற்சாலையில அடிச்ச நம்பர் இல்ல. பழைய நம்பரை அரத்தால தேச்சு எடுத்திருக்காங்க. அதுக்கு மேல ஒவ்வொண்ணாக் கையால அடிச்சிருக்காங்க. வரிசையே ஒழுங்கா இல்ல. ஒரே கை வண்டிங்கிறீங்க. அப்போ இந்த வீட்டுல இருந்த யாரோதான்.”

நோரீன் கேரேஜ் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“சொந்த என்ஜினா இருந்தா நான் அறுபதாயிரம் கண்ணை மூடிக்கிட்டு எழுதுவேன். என்ஜின் மாத்தினதுன்னு நேர்மையாச் சொல்லி வித்தா, மத்ததெல்லாம் இப்படி இருக்கறதால, முப்பத்தெட்டு. ஆனா நம்பரைத் தேச்சு மாத்தினது வேற. அது மோசடி. வாங்கறவன் அதுக்கப்புறம் வண்டியில இருக்கற எதையுமே நம்பமாட்டான். இருபதுக்கு மேல நான் எழுத முடியாதும்மா. எழுதினா என் பேரு போயிடும்.”

“அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்க” என்றாள் நோரீன்.

அவள் திரும்பிப் போய்க் குனிந்தாள். முதுகு வலித்தது. டெல்மர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கைச் சாய்த்துப் பிடித்ததும் கண்ணாடிக்குள் எண்கள் தலைகீழாக நீந்தி, பிறகு நிலைகொண்டன. இரண்டு, ஒன்று, எட்டு. மூன்று. அந்த மூன்று இடப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. நாலு நேராக இருந்தது. அடுத்த மூன்றும் அதே மாதிரி சாய்ந்திருந்தது.

அந்த மூன்றை அவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொரு ஸ்பேனரிலும், சுத்தியலின் கழுத்திலும், கேக் வெட்டும் கத்தியின் பிடியிலும்கூட அது இருக்கிறது. தொழிற்சாலையில் சாமான் திருட்டுப் போகாமல் இருக்க ஒவ்வொருவரும் தன் அடையாள எண்ணைத் தன் கருவிகளில் அடித்து வைத்துக்கொள்வார்கள். டெல்மரின் எண் 4713. அவருடைய எண் அச்சுப் பெட்டியில் மூன்று என்ற எஃகு அச்சின் முனை ஒரு பக்கம் தேய்ந்து போனது. எப்படி அடித்தாலும் சாய்ந்துதான் விழும். முப்பத்தொரு வருஷம் அந்தச் சாய்ந்த மூன்றைத் துடைத்து அடுக்கி வைத்தவள் அவள்.

விளக்கை இன்னும் கிட்டே பிடித்தாள். இவருக்குத் தெரியும். தெரிந்தது மட்டுமில்லை, அரத்தை எடுத்து, அச்சை எடுத்து, ஆறு தடவை சுத்தியலால் அடித்திருக்கிறார். எண்களின் பள்ளத்தில் பல வருஷ அழுக்கு படிந்திருந்தது. எத்தனை வருஷம்? அவள் ஐஸ்கிரீம் வாங்க ஓடிய எல்லாச் சனிக்கிழமையும் இது இங்கே இருந்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது, அத்தனை கோபம் அவளுக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது.

வேனுக்குத் திரும்பினாள். “ஏதாவது வழி இருக்கா?”

லைல் காலால் உதிர்ந்த இலைகளைத் தள்ளினார். “எப்போ, யாரு, எதுக்காகப் பண்ணாங்கன்னு வண்டிக்குச் சொந்தக்காரங்களே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டா, அதையும் மதிப்பீட்டோட இணைச்சு முப்பத்தெட்டு போட முடியும்னு நெனைக்கிறேன். படிக்கிறவனுக்கு நம்பிக்கை வரணும். அந்தக் காகிதம் இனிமே வண்டியோடதான் இருக்கும்மா. யாரு வாங்கினாலும் படிப்பாங்க. நான் இங்கயே இருக்கேன். நீங்க பேசிட்டு வாங்க.”

கேரேஜுக்குள் கருவிகள் வைக்கும் அலமாரியின் மூன்றாவது இழுப்பறையில் அந்தத் தகரப் பெட்டி இருந்தது. நோரீன் அதை எடுத்து டெல்மரின் மடியில் வைத்தாள். பெட்டிக்குள் எண் அச்சுகள் அவருடைய கை நடுக்கத்துக்குக் கலகலவென்று ஆடின. டெல்மர் மூடியைத் திறந்தார்.

“கண்டுபிடிச்சிட்டானா?”

“ம்.”

“மூணா?”

“மூணுதான்.”

“புது மூணு ஒண்ணு வாங்கியிருக்கணும்” என்றார். “அப்போ கையில காசில்ல.”

நோரீன் தரையில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தாள். “எப்போலேருந்து தெரியும்?”

“வந்த அன்னிக்கே.” முகவாயால் பின்சீட்டுப் பக்கம் காட்டினார். “அக்டோபர்ல நான் பூட்டிட்டுப் போன வண்டி. ஏப்ரல்ல வந்து பாக்கறேன், பின்சீட்டு இடுக்குல புள்ளையோட கையுறை கிடக்கு. இந்த வண்டி வெளிய போறதே வெயில் காலத்துலதான், அப்போ எவன் கையுறை போடறான்? அப்புறம் பானட்டைத் தூக்கினேன். லெஸ்டர் அடிச்ச நீலம் ஒரு சாயல் கம்மி. ட்ராய்கிட்ட கேட்டேன். அப்பாவோட பச்சைக் கார்ல போனோம், அம்மா அழுதுட்டே ஓட்டினாங்கன்னு சொன்னான்.”

“என்னைக் கேக்கலையே நீ.”

“நீயே சொல்லுவேன்னு இருந்தேன். நீ சொல்லல. சரி, சொல்ல முடியல போலன்னு விட்டுட்டேன்.” டெல்மர் பெட்டியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார், சத்தம் கொஞ்சம் அடங்கியது. “அந்த ஆகஸ்டுல நீ புள்ளையைக் கூட்டிட்டு ஏரிக்குப் போனே பாரு, அப்போ அடிச்சேன். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அந்த நம்பர் பாக்கத் தெரியும் நோரி. எவனாவது குனிஞ்சு பாத்துட்டு, என்னடா குபியாக், என்ஜின் மாறியிருக்கேன்னு உன்னை வெச்சுக்கிட்டே கேப்பான். நீ அங்க நின்னு முழிப்பே. அதைப் பாக்க என்னால ஆகாது.”

“நாப்பத்திரெண்டு வருஷம் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்” என்றாள் நோரீன். குரல் அவள் நினைத்ததை விடப் பெரிதாக வந்தது. “எவன் அந்த வண்டிகிட்ட வந்தாலும் என் உயிர் போய் உயிர் வரும். ஒரு வார்த்தை. தெரியும்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். எனக்கு ஐஸ்கிரீம் பிடிக்காது டெல்.”

“தெரியும்.”

“அதுவும் தெரியுமா?”

“மூணு வாய் தின்னுட்டு மீதியை எனக்குத்தானே குடுப்பே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே வேறு ஏதோவாக மாறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே லைல் வேனின் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். செய்வதற்கு வேறு வேலை இல்லாதவர் மாதிரி.

“இந்த ஒன்பது நாளும் நான் தூங்கல” என்றார் டெல்மர். “நாப்பது வருஷமா எவனும் பிடிக்கல, இவன் பிடிப்பானான்னு யோசிச்சுக்கிட்டே கிடந்தேன்.”

இரவெல்லாம் சோபா அசைந்தது அவளுக்கும் கேட்டது. நடுக்கம் என்றுதான் நினைத்திருந்தாள்.

“எழுதிக் குடுக்கணுமாம். நடந்தது அத்தனையும். அந்தக் காகிதம் வண்டியோடவே போகுமாம்.”

“என்னை மட்டும் எழுது. குளிர்ல தண்ணியை விட்டு நான்தான் கெடுத்தேன்னு எழுது. நம்பரையும் நானே அடிச்சேன். உன் பேரு எதுக்கு அதுல?”

“நீ அப்போ ஹூஸ்டன்ல இருந்தே. படிக்கிறவன் கணக்குப் போட்டா மறுபடியும் பொய்னு தெரிஞ்சுரும்” என்றாள். பிறகு, “அதுக்காக மட்டும் இல்ல. நான் பண்ணதை நான்தான் எழுதணும். போதும் டெல், நீ எனக்காக அடிச்சது” என்றாள்.

டெல்மர் தகரப் பெட்டியை மூடி அவளிடம் நீட்டினார், எழுதும்போது தாளுக்கு அடியில் வைத்துக்கொள்ள.

லைல் கொடுத்த தாள் ஒரு பக்கம் கோடு போட்டது. கேரேஜுக்குள் வெளிச்சம் போதவில்லை. நோரீன் காரின் கதவைத் திறந்து, முன்னிருக்கையில் குறுக்காக உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். எழுதினாள்: ‘1982, ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை என் மகனுக்கு’. அதற்கு மேல் பேனா நகரவில்லை. முன்பின் தெரியாத ஒருவன், எங்கோ ஓர் ஊரில், காரை வாங்கிய சந்தோஷத்தில் இதைப் படிக்கப் போகிறான். அவனுக்கு நம்பிக்கை வர வேண்டும். நம்பாவிட்டால் இருபதாயிரம். இருபதாயிரத்தில் அந்த வீடு கிடைக்காது.

“என்ன, நின்னுட்டே?” என்றார் டெல்மர் வாசலிலிருந்து.

“தண்ணி எத்தனை கெட்டில் ஊத்தினேன்னு ஞாபகம் வரல.”

“பதினஞ்சு லிட்டருக்கு மேல பிடிக்கும். எட்டுக் கெட்டிலாவது இருக்கும்.”

எட்டு என்று எழுதினாள்.

லைல் வாசலில் நிழலாகத் தெரிந்தார். உள்ளே வரத் தயங்கினார். “பின்சீட்டைத் திரும்ப மாட்டிடவாம்மா? நேரமாகுது.”

“கொஞ்சம் பொறுங்க” என்றாள் நோரீன்.

பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு, இருக்கைகளுக்கு நடுவே கையை நீட்டினாள். சீட்டு இல்லாத அந்தத் தகரப் பள்ளத்தில், தூசுக்கு நடுவில், கையுறை கிடந்தது. எடுத்தாள். கம்பளி மொடமொடப்பாக இருந்தது. சட்டைப் பையில் போடவும் தோன்றவில்லை, இருந்த இடத்தில் வைக்கவும் தோன்றவில்லை. உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். இரண்டு விரல்தான் நுழைந்தது. அதை அப்படியே இடது கையில் மாட்டிக்கொண்டு, அந்தக் கையாலேயே தாளை நகராமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடுத்த வரியை எழுத ஆரம்பித்தாள்.